குறைந்த தூரம் போகும் வண்டி

கயானியில் பிப்ரவரி.
கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள் மார்யுத்,
கையில் கட்டம் போட்ட நோட்டு.
வண்டிகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
"மின்சாரத்தில் எத்தனை கிலோமீட்டர்,
அது தீர்ந்தபின் நூறுக்கு எத்தனை லிட்டர்.
இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்,
சேர்த்துச் சொல்லாதீர்கள்."

பதினேழு வருஷமாகக் கார் விற்கிறேன்.
சேர்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.

வெள்ளை: எழுபத்துநான்கு.
தீர்ந்துவிட்டால் ஏழரை லிட்டர்,
காலிப் பேட்டரியின் பாரத்தையும் இழுத்துப்போக வேண்டுமே.
சாம்பல்: ஐம்பத்திரண்டு.
தீர்ந்துவிட்டால் ஆறுக்குக் கொஞ்சம் கீழே.

"எந்தக் குளிரில் அளந்தது?"
குளிரில் இல்லை, அறைக்குள்,
இருபத்துமூன்று டிகிரியில் என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.
அங்கேயும் இருபத்துமூன்றுதான்,
முன்னால் ஒரு சின்னக் கோடு.
அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான்
ஊரே குடியிருக்கிறது.

தினமும் எவ்வளவு ஓட்டுவீர்கள்?
மருத்துவமனை ஆய்வகம், இரவு வேலை,
போக வரப் பதினெட்டு.
அப்படியானால் இரண்டுமே போதும்,
மலிவானதை எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்
(முதலாளி கேட்டிருந்தால் சீட்டுக் கிழிந்திருக்கும்).
நோட்டின் ஓரத்தில் இன்னொரு எண்,
இரண்டு முறை அடிக்கோடு போட்டு: 38.
இது எந்தப் பாதை என்று கேட்டேன்.
"போகாத பாதை."

சனிக்கிழமை வெள்ளையை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தேன்.
மதியம் திரும்பியதும் மீட்டரைப் பார்த்தேன்,
விற்பவனுக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.
முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல்.
நிறுத்தம் பதினொரு நிமிடம்.
பிறகு அதே முப்பத்தெட்டு, இரண்டரை லிட்டர்.
"நல்ல வண்டி" என்றாள்.
"வந்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது.
தம்பி வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன்.
சமையலறையில் விளக்கு எரிந்தது.
ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை."
லிட்டர் கணக்கை எழுதிக்கொண்டாள்,
தசமப் புள்ளியை அழுத்தி.

ஆறு வருஷம் ஆயிற்றாம்.
ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம், அதில் ஒரு சவுனா.
பாகம் பிரித்தார்கள், பேச்சும் பிரிந்தது.

அடுத்த சனிக்கிழமை சாம்பல்.
இருபத்தொன்பதாம் கிலோமீட்டரில், மரப் பாலத்தருகே
பேட்டரி கையை விரித்தது.
எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது,
இருமிக்கொண்டே முற்றத்துக்குள் போனது.
முதலில் நாய்க்குக் கேட்டது.
நாய்க்குக் கேட்டபின் யாருக்குத்தான் கேட்காது?
இல்போ ஒரு கை மட்டும் கோட்டுக்குள் நுழைத்தபடி வெளியே வந்தான்.
ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.
எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.
"எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டான்.
"எட்டு."
பழைய டீசலைச் சூடாக்க நட்ட கம்பத்தில்
பிளக் மூடிமேல் உறைந்த பனியை
முழங்கையால் தட்டினான். வரவில்லை.
உள்ளே போய்க் கெட்டிலோடு வந்தான்.
மின்சாரத்துக்கு வெந்நீரா என்று கத்தினாளாம்.
ஆறு வருஷத்தில் அவனிடம் பேசிய
முதல் முழு வாக்கியம் அது.

எட்டு ஆம்பியரில் நிரம்ப ஆறு மணி நேரம்.
நான் நான்கு மணிக்குக் கடையைப் பூட்டினேன்.
போன் வந்தது: நாளைக்குக் கொண்டுவருகிறேன்.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

திங்கள்கிழமை கையெழுத்து.
சாம்பல் என்றாள்.
எனக்கும் மனசாட்சி உண்டு;
உங்கள் முப்பத்தெட்டுக்கு வெள்ளைதான் பொருத்தம்,
இதில் போனால் வழியிலேயே தீர்ந்துவிடும்,
அங்கே சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது,
அதாவது பெட்ரோல் இல்லாமல் என்றேன்.
"தெரியும்" என்றாள், பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

ரப்பர் மிதியடிகள் விலையில் அடங்குமா என்று கேட்டாள்.
அடங்காது என்றேன்.
சேர்த்துக் கொடுத்தேன்.